சுவரில் சட்டையின்றி நின்றது

பிறர் பார்வையில் படுவது எனக்கு இன்றும் உவப்பானதன்று. திருமண வீடுகளில் புகைப்படக்காரர் முன்வரிசைக்கு அழைத்தால் நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். வீட்டிலிருக்கும் நேரத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திறந்துவைப்பதில்லை. என் மக்கள் இதனை முதுமையின் முரண்டு என்று எண்ணுகிறார்கள். முரண்டு அன்று, வெட்கம். அது என்னை எங்கே எவ்வாறு பிடித்துக்கொண்டது என்பதை ஒழுங்காக எழுதிவைக்கப் பலமுறை உட்கார்ந்தேன். உட்காரும்போதெல்லாம் அதுவே வந்து கையைப் பிடித்தது. இப்பொழுது என்னைப் போலவே அதற்கும் பிடி தளர்ந்திருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்ஜியத்தோடு சேர்ந்திருந்த காலம். நாகர்கோவிலில், மணிமேடையிலிருந்து சற்றுத் தள்ளி, கீழே தேயிலைக் கடையும் மேலே நீண்ட மாடியுமாக இருந்த ஒரு கட்டடத்தில் சித்திர சபை ஒன்று நடந்துவந்தது. வக்கீல்கள் சிலர், கல்லூரி ஆசிரியர்கள், ஒரு டாக்டர், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்கள் ஆகியோர் அதன் அங்கத்தினர். தொடக்கத்தில் அவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே பார்த்து, தாங்களே பாராட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, பொதுமக்கள் வந்துபோகாத இடத்துக்கு அரசாங்கத்தின் ஆதரவு கிடைப்பது கடினம் என்று சொல்லிப் போனார். அன்றுமுதல் சபைக்குப் பொதுமக்கள்மீது மிகுந்த அன்பு உண்டாயிற்று. மார்கழியில் சுசீந்திரம் தேர்த் திருவிழாவுக்குச் சுற்றூர்களிலிருந்து திரளும் கூட்டம் திரும்பும் வழியில் நம்மிடமும் ஏறிப் பார்க்கட்டும் என்று, ஆண்டுக் கண்காட்சியை மார்கழிக்கே மாற்றினார்கள்.

நான் அங்கே சிப்பந்தி. காலையில் கூடத்தைப் பெருக்கி, சட்டங்களின் கண்ணாடியைத் துடைத்து, சன்னல்களைத் திறந்துவைப்பேன். மாலையில் காக்கிக் கோட்டு அணிந்து, கழுத்துவரை பொத்தான் பூட்டி, கையில் ஒரு பிரம்போடு நின்று வருவோர்க்குப் படங்களை விளக்குவேன். படங்களின் கீழிருந்த அட்டைகளில் ஆங்கிலமும் மலையாளமும் மட்டுமே அச்சாகியிருந்தன. வந்த மக்களோ தமிழ் பேசுகிறவர்கள். அதனால்தான் அந்தப் பணி எனக்குக் கிடைத்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் தமிழ், வாசகசாலைப் பத்திரிகைகளிலும் மேடைச் சொற்பொழிவுகளிலும் நானே பொறுக்கிச் சேர்த்தது. ஆகவே அட்டையில் இருந்த எளிய தலைப்பை எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குளத்தில் மாடு குளிப்பாட்டும் படத்தை, ‘ஆநிரை நீராட்டு’ என்பேன். ஒருமுறை ஒரு பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அது எந்த ஊருல உள்ள திருவிழாவாக்கும் வேய்?” என்று கேட்டார். நான் சற்றும் தயங்காமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு கோடை விடுமுறையில் டிராயிங் மாஸ்டர்களில் மூத்தவர் என்னை அழைத்தார். அவர் ஒரு பெரிய தைல வர்ணப் படம் எழுத விரும்பினார்.

“கோட்டும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். வேட்டியை முட்டுக்கு மேல மடக்கிக் கெட்டும். நீரு ஒரு விவசாயி. கன்னிப்பூ நெல்லு விதைச்சாச்சு, மழையைக் காணல்ல. வலது கையை இப்பிடி நீட்டும். முதல் துளி விழுதான்னு பாக்கியது மாதிரி.”

நான் அப்படியே நின்றேன். என் தகப்பனார் வயல் வரப்பில் அவ்வாறு கை நீட்டி நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஆதலால் அந்த நிற்பு எனக்குத் தானாக வந்தது. சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்து முறிந்த என் இடது காறையெலும்பு புடைத்துப் பொருந்தியிருந்தது. மாஸ்டர் அதனைக் கண்டு மகிழ்ந்து, “இது தெய்வம் தந்ததாக்கும்” என்றார். உடம்பில் எனக்குப் பிடிக்காத ஒன்றை மற்றொருவர் புகழ்வது அதுவே முதல்முறை. அந்த விடுமுறை முழுவதும் நான் களிப்போடு நின்றேன். என் அக்காளிடம்கூட, நாஞ்சில் நாட்டு உழவனின் திருவுருவமாக என்னைத் தீட்டுகிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

மார்கழியில் படங்களைச் சுவரில் மாட்டுவதும் என் வேலைதான். அந்தப் பெரிய படத்தின்மேல் சுற்றியிருந்த காகிதத்தை நானே பிரித்தேன்.

வயல் இல்லை. வரப்பு இல்லை. எனக்குப் பின்னால் ஒரு கருங்கல் மதில் எழும்பியிருந்தது. விலா எலும்புகள் நான் அறிந்ததைக் காட்டிலும் கூடுதலாகத் தெரிந்தன. நீட்டிய கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. முகம்மட்டும் என்னுடையது, காறையெலும்பும் என்னுடையது. கீழே ஒட்டவேண்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மொழிகளிலும் ‘பிச்சைக்காரன்’ என்றே இருந்தது.

மாஸ்டர் வந்ததும், “மழை பார்ப்பவன் என்றல்லவா சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“ஆமா மக்கா. ஆனா சரியா வரல்ல. மழையை வரைய முடியாதுல்லா? கை வெறுங்கையாப் போச்சு. வெறுங்கை நீட்டி நிக்கியதுக்கு ஒரு காரணம் வேண்டாமா? சிரட்டையை வச்சேன், படம் எழும்பி நின்னுட்டு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் என் தோளைத் தட்டினார். “எதுக்கு வாடுகீரு? பாக்கியவன் படத்தைத்தான் பாப்பான். ஆளையா பாக்கப் போறான்?”

அவர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நான் அன்றே அறிந்தேன். ஆயினும் அந்தப் படத்தைச் சுவரில் ஏற்றி, சாயாமல் இருக்கிறதா என்று பத்தடி பின்வாங்கிப் பார்த்தபோது, அந்தப் பெரிய கூடத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை என்று உணர்ந்தேன். நடுவர்கள் வந்தார்கள், அதற்கே முதல் பரிசு தந்தார்கள். முதல் பரிசு பெறும் படம் சபைக்கு உரியதாகி, நிரந்தரமாகக் கூடத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அட்டையைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், ‘யாசகன்’ என்ற சொல்லைத் தேர்ந்தேன். அது பலருக்குப் புரியாது என்பது என் நம்பிக்கை.

கண்காட்சி திறந்தது. திறப்பு விழாவுக்கு ஏற்றிய குத்துவிளக்கை வாசலிலேயே வைத்திருந்தோம். விளக்குக்குப் பின்னால் ஒரு தேவியின் படம். சபையார் செய்த தவறு இதுதான். தேர் பார்த்துவிட்டு வந்த மக்கள் விளக்கையும் தேவியையும் கண்டதும் படியின் அடியிலேயே செருப்பைக் கழற்றினார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் மேலாடையோடு சன்னதிக்குப் போகும் வழக்கமில்லை. ஆகவே சட்டை போட்டிருந்தவர்கள் அதனையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளில் கிடந்த நேரியலை இடுப்பில் கட்டி ஏறிவந்தார்கள். கூடத்தை வலமாகச் சுற்றினார்கள். தேவியின் முன் பூவும் சில்லறையும் விழுந்தன. ஒருவர் சூடம் ஏற்ற, சட்டத்தின் வார்னிஷ் பொரிந்தது.

சபைச் செயலாளர் ஒரு வக்கீல். அவர் படியின் தலைப்பில் நின்று, “இது கலைக்கூடம், கோயிலில்லை! சட்டையைப் போடச் சொல்லும் ஓய்!” என்று என்னை விரட்டினார். நான் ஒவ்வொருவரிடமும் போய், “அன்புகூர்ந்து மேலாடை அணியுங்கள்” என்று சொல்லுவேன். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையின்போது நான் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொள்வேன். எனினும் முதல் சில நாட்களில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் சொன்னது மெய்யாகவே இருக்கலாம் என்று நானும் தேறியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெண்களுக்குமட்டும் என்று சபை வகுத்திருந்தது. ஆடவர் எவரும் மாடியில் இருக்கலாகாது. அப்படியானால் விளக்குகிறவன் என்ன செய்வது என்று கமிட்டியில் கேள்வி எழுந்தது. “அவன் சபைச் சிப்பந்தி. சன்னல் கதவு மாதிரி. ஆணென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்” என்று செயலாளர் முடிவு சொன்னார். நான் கதவருகே நின்று அதனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே வேறொரு செய்தியையும் சொல்லவேண்டும். அந்த மார்கழிக்கு முன்பே எனக்கு ஒரு பெண் பார்த்துவைத்திருந்தார்கள். சுசீந்திரத்துக்கு அருகே வயலும் வீடுமாக உள்ள குடும்பம். மார்கழியில் கல்யாணப் பேச்சு கூடாது என்பதால், தை முதல் வெள்ளியன்று நான் போய்ப் பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. தரகர் என்னைப்பற்றி அவர்களிடம் சொல்லியிருந்தது ஒன்றுதான்: “டவுனுல ஒரு சபையில உத்தியோகம். கோட்டுப் போடாம நிக்கமாட்டாரு.” நான் அந்தப் பெண்ணையோ அவள் வீட்டாரையோ அதுவரை கண்டதில்லை.

தேர் ஓடி முடிந்தபின் வந்த செவ்வாயன்று பெண்கள் கூட்டம் மாடியை நிறைத்தது. நான் பிரம்போடு முன்னே போக, அவர்கள் பின்னே வந்தார்கள். அவர்களுள் வெள்ளைச் சேலை உடுத்த, பருத்த, குரல் கணீரென்ற ஓர் அம்மாள் இருந்தார். எதையும் கேட்காமல் விடுவதில்லை. ஆப்பிள் பழங்கள் வரைந்த படத்தின்முன், “இதைத் தின்னுட்டா வரைஞ்சான், வரைஞ்சிட்டா தின்னான்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடத்தின் நடுச்சுவர் நெருங்கியதும் என் சிரிப்பு அடங்கியது. பிரம்பைத் தாழ்த்தி, அந்தப் பெரிய படத்தைக் கடந்து, அடுத்திருந்த கடற்கரைக் காட்சிக்கு நேராக நடந்தேன்.

“நில்லும், நில்லும். இவ்வளவு பெரிசா ஒண்ணு தொங்குது, இதைச் சொல்லாமப் போறீரு?”

திரும்பினேன். படத்தின்மீது கண் வைக்காமல், மனப்பாடமாக, “யாசகன். தைல வர்ணம். முதற்பரிசு பெற்றது” என்றேன்.

“யாசகன்னா?”

அந்தச் சொல்லை அத்தனை நம்பியிருந்தேன். “இரந்து உண்பவன்” என்றேன்.

“அப்பிடின்னா?”

“பிச்சைக்காரன் அம்மா.”

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்துக் கையை வாயில் வைத்தார். “ஏட்டி, இஞ்ச பாருங்கட்டீ! இது இவருல்லா!”

கூடம் முழுவதும் திரும்பிற்று. முன்னே போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தி என் மூக்கைச் சொன்னாள், ஒருத்தி காதைச் சொன்னாள். பட்டுப் பாவாடைச் சிறுமி ஒருத்தி, “அந்த மாமாவுக்கு எலும்பு துருத்திட்டு நிக்கு” என்று விரலால் காட்டினாள். ஒரு கூட்டம் பெண்கள் தன் உடம்பைப் பகுதி பகுதியாகச் சுட்டிக்காட்டிப் பேசும்போது ஓர் ஆண் எங்கே பார்க்கவேண்டும் என்பதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அன்று காலையில் நானே கழுவிய தரை அது.

சிரிக்காமல் நின்றவள் ஒருத்தி. அரக்குநிறச் சேலை. அவள் அட்டையருகே குனிந்து, மலையாளத்தில் இருந்ததைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நிமிர்ந்து படத்தின் கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த அம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்து, “வாட்டீ, போரும்” என்றபோது, அவள் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

படியிறங்கும் இடத்தில் அம்மாள் நின்றார். குரலைத் தாழ்த்த அவர் முயன்றார், அது தாழவில்லை. “நீரு எந்த ஊரு? ஆருக்க மகன்?”

சொன்னேன்.

“அப்போ தையில எங்க அண்ணன் வீட்டுக்கு வரவேண்டிய மாப்பிளை நீருதானா? கோட்டுப் போட்ட மாப்பிளைன்னுல்லா தரகன் சொன்னான்! கோட்டுக்கு உள்ள இருக்கதையும் காட்டியாச்சே!” சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அரக்குநிறச் சேலை அதற்குள் படியின் பாதிக்குப் போயிருந்தது. அவள்தான் பெண் என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போய் அவளைப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அவள் வந்து என்னைப் பார்த்துவிட்டாள். அதுவும் எவ்வாறு! அன்று முழுவதும் நான் எதையும் உண்ணவில்லை.

அந்த வார இறுதியில் பொதுமக்கள் கூட்டத்தில் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, வயலில் வெந்த உடம்பு. நெற்றியில் திருநீறு. சட்டை மடித்து இடக்கையில் இருந்தது, நேரியல் இடுப்பில். நான் வழக்கம்போல், “அன்புகூர்ந்து மேலாடை அணியுங்கள்” என்றேன்.

அவர் நேராக நடுச்சுவருக்கு நடந்தார். படத்தின்முன் நின்றார். பிறகு என்னை நோக்கி, “நீரு மட்டும் சட்டையில்லாம நிக்கலாமோ?” என்றார்.

அவர்தான் பெண்ணின் தகப்பனார். திறந்த மார்போடு அவரும், திறந்த மார்போடு சுவரில் நானும், கழுத்துவரை பூட்டிய கோட்டோடு தரையில் நானுமாக மூவர் நின்றோம். அவர் மார்பில் இருந்த கண்ணியம் அந்தப் படத்தின் மார்பில் ஏன் இல்லை என்று எண்ணினேன். எண்ணியதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

“என் தங்கச்சி வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல்ல. வயித்துப்பாட்டுக்கு நின்னீரா?”

“இல்லை. பணி என்று சொன்னார்கள், நின்றேன்.”

“சரி. இது எத்தனை நாளைக்கு இஞ்ச தொங்கும்?”

“பரிசு பெற்ற படம். நிரந்தரமாக இருக்கும்.”

“நிரந்தரம்னா?”

“எப்பொழுதும்.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் கொண்டவராகத் தோன்றவில்லை; வயலில் உடைப்பெடுத்த இடத்தைப் பார்க்கிறவரைப் போல இருந்தார். “என் மகளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது பள்ளிக்கூடம் போவும். வாத்தியாரு அவ்வளவு பேரையும் வரிசையாக் கூட்டிக்கிட்டு இந்த மாடியில ஏறுவாரு. நீரு பிரம்பால தொட்டுக் காட்டுவீரு, பாருங்க பிள்ளையளே, பிச்சைக்காரன்னு. அந்தப் பிள்ளை மூஞ்சியைக் கொண்டு எங்க வைக்கும்? சொல்லும்.”

நான் பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“இறக்கினா தை வெள்ளிக்கிழமை வாரும். இறக்கல்லன்னா வராண்டாம். உம்மமேல எனக்கு வேற ஒரு குறையும் இல்ல.” படியின் அடியில் நின்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

நான் செயலாளரிடம் சென்று என் நிலையை எடுத்துரைத்தேன். அவர் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். தை பிறப்பதற்கு முன் கமிட்டி கூடியது. எனக்கு நாற்காலி இல்லை; கதவருகே நின்றேன்.

டாக்டர் நல்லவர். “படம் இருக்கட்டும். அட்டையை மாற்றிவிடுவோம். ‘மழை பார்ப்பவன்’ என்று போட்டால் என்ன?” என்றார்.

“சிரட்டையில மழை புடிக்கிறவனா?” என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்கவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்பொழுதும் முகம் சுடுகிறது.

செயலாளர் சட்டப்படி பேசினார். பரிசு பெற்ற படத்தின் பெயரைச் சபை மாற்ற இயலாது. ஒரு தனிமனிதரின் கல்யாணத்துக்காகப் படத்தை இறக்கினால், நாளை தேவியின் படத்துக்கும் யாராவது வருவார்கள். “காட்சிக்கு வைத்தபின் அது நம்முடையதல்ல ஓய். பொதுமக்களுடையது. நீர்தானே தினமும் அதைச் சொல்லுகிறீர்?”

உண்மை. ஒவ்வொரு மாலையும் கூட்டத்தை வரவேற்கும்போது, “இவையாவும் உங்கள் உடைமை” என்று நானே அழகாகச் சொல்லிவந்தேன். அந்தத் தொடரை எனக்குத் தந்தவர் செயலாளர்.

“அப்படியானால் இறக்கச் சொன்னவரும் பொதுமக்களில் ஒருவர்தானே ஐயா” என்றேன்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அவர் ஒருவர். மற்றவர்களும் இருக்கிறார்கள் இல்லையா?” என்றார். பின்னர் கனிவோடு, அவர் மனத்தில் மெய்யாகவே கனிவு இருந்தது, ஒரு வழி சொன்னார். படம் மட்டும் இருந்தால் சங்கடம் இல்லை. ஆள் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் ஒரே கூடத்தில் நிற்பதுதான் சங்கடம். ஆகவே என்னைக் கீழே படியடிக்கு மாற்றி, செருப்பும் குடையும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். விளக்குவதற்கு வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். கோட்டு என்னிடமே இருக்கலாம்.

எல்லோரும் அதனை நல்ல முடிவு என்றார்கள். டாக்டர் என்னிடம் வந்து, “மாடியில் காற்றுமில்லை, கீழேதான் சுகம்” என்று ஆறுதல் சொன்னார். நான் நன்றி தெரிவித்தேன்.

தை முதல் வெள்ளியன்று நான் போகாதிருப்பதே முறை. ஆனால் போகவில்லை என்றால் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று அக்காள் சொன்னாள். நேரில் சென்று நடந்ததைச் சொல்லி விடைபெறுவதே மரியாதை என்று நானும் தீர்மானித்தேன். அக்காளும் உடன்வந்தாள். வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான். வழிநெடுகக் கும்பப்பூ நெற்பயிர் பசுமையாக நின்றது. அன்று அதன்மேல் கண் வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அது பசுமையாக நின்றதால் அவ்வாறு எழுதுகிறேன்.

வீட்டில் பெண்ணின் தகப்பனார் இருந்தார். அன்று மாடியில் சிரித்த அத்தையம்மாளும் இருந்தார். என்னைக் கண்டதும் தகப்பனாரின் முகம் தெளிந்தது. இறக்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“படத்தை இறக்க இயலவில்லை. என்னைத்தான் மாடியிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அதனைத் தெரிவித்துப் போகவே வந்தேன்” என்றேன்.

தகப்பனார் தரையைப் பார்த்தார். அத்தையம்மாள்கூடச் சிரிக்கவில்லை. அக்காள் என் பின்னால் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“வந்தது வந்தாச்சு. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவட்டும்” என்று அத்தையம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவள் காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டிய கையைமட்டும் கண்டேன். நிமிர எனக்குத் திராணியில்லை. பெண் பார்க்கப் போன ஆண், பெண்ணைப்போல் தலைகுனிந்து நின்றேன்.

“பாரும் மக்கா. நிமிந்து பாரும்” என்றார் அத்தையம்மாள். “அவ உம்மை முழுசாப் பாத்தாச்சு. நீரு பாக்காமப் போனா அது நியாயமில்லல்லா.”

நிமிர்ந்தேன். அவள் என் கழுத்துப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடமே, மெல்லிய குரலில், “நிக்கும்போ கையில சிரட்டை இருந்துதா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“பின்ன என்னத்துக்காக்கும் கையை நீட்டினீங்க?”

“மழை விழுகிறதா என்று பார்ப்பதுபோல் நிற்கச் சொன்னார்கள்.” சொல்லும்போதே அது எவ்வளவு நம்பத்தகாத விளக்கம் என்று எனக்குத் தோன்றியது.

அவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள். “அது அங்கயே கெடக்கட்டும் அப்பா.”

“உனக்குத் தெரியாது. நாளைக்குப் பிள்ளையளு பாத்தா?”

“பிள்ளையளுக்கு நான் சொல்லிக்கிடுவேன்.”

சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அத்தையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, “ஏட்டி, அதுக்குள்ள பிள்ளையளா!” என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். தகப்பனார் சிரிக்காதவர், அவர் நேரியலால் வாயை மூடிக்கொண்டார். காப்பியைக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். கொஞ்சம் சட்டையில் சிந்திற்று.

மாசியில் எங்கள் திருமணம் நடந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று வாசிப்பவர் எண்ணலாம். முடிந்தது, ஆனால் வெட்கம் முடியவில்லை. சபை எனக்குச் செய்யாததை, நான் கெஞ்சியும் வாதாடியும் பெறாததை, முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண் காப்பித் தட்டோடு நின்று ஒரு சொல்லில் தீர்த்தாள். தன் மானத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவனுக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்று தெரிந்தே வந்தாள். அந்த எண்ணம் மணவறையில்கூட என்னைக் குனியவைத்தது.

அதன்பின் சபை அந்த மாடியில் நடந்தவரையில் நான் படியடியில்தான் நின்றேன். கூட்டம் இருக்கும்போது மேலே போனதில்லை. மார்கழி வந்தால் செவ்வாய் மதியம் அவள் வருவாள். விருந்து வந்த உறவுக்காரப் பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு படையே உடன்வரும். யாரும் என்னிடம் எங்கே போகிறோம் என்று சொல்வதில்லை. குடைகளைத் தருவார்கள், வாங்கி மூலையில் சாத்துவேன். அவள் செருப்பை மற்றவர்களுடையதோடு ஒன்றாக வைப்பேன். என் கண்ணைப் பார்க்காமல் அவள் ஏறிப்போவாள்.

மேலே புதிய விளக்குகிறவரின் குரல் படிவழியே இறங்கிவரும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். என்னைப்போலச் சொல் தேடுகிறவர் அல்லர். “பிச்சைக்காரன்” என்று தெளிவாகச் சொல்வார். அதன்பின் என் மனைவியின் குரல் கேட்கும்: “அதெல்லாம் இல்ல மக்கா. மழை பாக்கியதாக்கும்.”

“அப்போ கையில சிரட்டை எதுக்கு அக்கா?”

“அது படத்துக்காரன் வச்சது.”

அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நான் கீழே குடைகளுக்கு நடுவே நின்று, கோட்டுப் பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.